பந்து வராத நேரம்

பந்து மறுகோடியில் இருக்கிறது.

இங்கே ஒருவர் நிற்கிறார்.

*

கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையே 3.66 மீட்டர். உயரம் 2.14 மீட்டர்.

பின்னால் வலை. முன்னால் 91 மீட்டருக்கு நீலத் தரை.

தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். பந்து ஓடும் வழியெல்லாம் நீர்த்தூள் எழுகிறது, அடங்குகிறது. தூரத்தில் மட்டை பந்தைத் தொடுவது முதலில் தெரிகிறது. சத்தம் பிறகுதான் வருகிறது.

அந்த இடைவெளியில் ஒரு மூச்சு.

*

பி.ஆர்.ஸ்ரீஜேஷ். இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர். முதுகில் 16.

ஒலியை அணைத்துவிட்டுப் பழைய ஆட்டங்களைப் பார்க்கிறேன். வர்ணனை இல்லை. கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. பந்து வரும்போதுதான் அவர் திரைக்குள் வருகிறார். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே?

அங்கேதான். சட்டகத்துக்கு வெளியே.

*

உடுத்துவதற்கு நேரம் ஆகிறது.

முதலில் இடுப்புக்குக் கீழே ஒரு கவசம். மேலே பஞ்சு வைத்த கால்சட்டை. பாதத்தின் மேல் கிக்கர். கால் பேட், அதன் வார்கள் காலின் வெளிப்பக்கமாக மாட்டப்படுகின்றன. மார்பு, தோள், முழங்கை. கழுத்துக்கு ஒரு பட்டை. அதன் மேல் சட்டை. பிறகு ஹெல்மெட்.

கடைசியில் கையுறைகள். இடதுகையில் ஒரு பலகை. வலதுகையில் மட்டையைப் பிடிக்கும் உறை. அதற்குப் பிறகு மூக்கு அரித்தால் சொறிய முடியாது.

உள்ளே வெயில் இல்லை. காற்றும் இல்லை. நுரைப்பஞ்சில் பழைய வியர்வையின் வாடை. எத்தனை நாள் காயவைத்தாலும் அது போவதில்லை என்கிறார்கள் இந்த வேலை பார்ப்பவர்கள்.

கம்பிகளின் வழியே மைதானம்.

*

கிழக்கம்பலம். எர்ணாகுளம் மாவட்டம். அப்பா விவசாயி.

பன்னிரண்டு வயதில் பையன் திருவனந்தபுரம் போகிறான். ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி. ஓடுகிறான். நீளம் தாண்டுகிறான். வாலிபால் ஆடுகிறான். 

ஒரு பயிற்சியாளர் அவனைக் கோலுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறார்.

ஓட வந்தவன் நிற்கிறான்.

*

பேட் வாங்கப் பணம் வேண்டும்.

அப்பா பசுவை விற்கிறார்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மேடையில் சொல்கிறார்கள், கைதட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தொழுவம்தான் நினைவில் நிற்கிறது. மறுநாள் காலை. பால் கறக்கும் நேரம். தொழுவத்தில் கயிறு மட்டும்.

அந்தக் காலையைப் பற்றி யாரும் எழுதவில்லை. நானும் ஊகிக்கத்தான் செய்கிறேன்.

*

பந்தின் எடை 160 கிராமுக்கு அருகில். கெட்டியான பிளாஸ்டிக். மேலே குழிக்குழியாக.

அது முகத்தை நோக்கி வந்தால் கண் மூடும். தலை திரும்பும். கை குறுக்கே வரும். யாரும் சொல்லித் தருவதில்லை, பிறக்கும்போதே இருக்கிறது.

கோல்கீப்பர் அதை மறக்கக் கற்கிறார். திரும்பாமல் இருக்க. மூடாமல் இருக்க. பந்து வரும் திசையிலேயே உடம்பைக் கொண்டுபோய் வைக்க.

இது தைரியமா, பழக்கமா?

தெரிந்துகொள்ள அவசரம் இல்லை.

*

2006. கொழும்பு. தெற்காசிய விளையாட்டு. முதல்முறையாக சீனியர் அணி.

அதற்குப் பிறகு பல வருடம் உள்ளே, வெளியே. மற்ற இடங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்த இடத்துக்கு ஒருவர் போதும். முன்னால் ஏட்ரியன் டிசோசா இருக்கிறார். பரத் சேத்ரி இருக்கிறார்.

வடக்கே பயிற்சி முகாம். சுற்றிலும் இந்தி, பஞ்சாபி. மலையாளம் பேச ஆள் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பயிற்சிதான் என்று சொல்வார்கள். உட்கார்ந்திருக்காதவர்கள் சொல்வது அது.

*

2012. லண்டன். முதல் ஒலிம்பிக்.

ஆறு ஆட்டங்கள். ஆறிலும் தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது.

தோற்ற அணியின் கோல்கீப்பர் வலைக்குள் போய் பந்தை எடுக்கிறார். நடுக்கோட்டுக்குத் தட்டிவிடுகிறார். முதுகை வளைத்து, கையை நீட்டி, எடுத்து, அனுப்பி.

அந்தச் செயல் மட்டும் நிதானமாக இருக்கிறது.

*

அவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

ஒலியை ஒருமுறை திறந்தபோது கேட்டது. இடது, இடது. விடாதே. பின்னால் ஒருத்தன். தடுப்பாளர்களுக்கு முதுகில் கண் இல்லை. அந்தக் கண் இவர்தான்.

தனியாக நிற்பவர் என்று நினைத்திருந்தேன். அரங்கத்திலேயே அதிகம் பேசுபவர் இவராகத்தான் இருக்கும்.

திரும்பவும் அணைக்கிறேன்.

*

பெனால்டி கார்னர்.

ஐந்து பேர் மட்டும் கோல்கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள், அவரையும் சேர்த்து. மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, கடைக்கோட்டில் ஒருவர் பந்தோடு குனிகிறார். கோலைச் சூழ்ந்த வட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதை நிறுத்தக் காத்திருக்கிறார். அவர் பக்கத்தில் இன்னொருவர், இழுத்து வீச.

பந்து கிளம்புகிறது.

கோட்டிலிருந்து நால்வர் பாய்கிறார்கள். ஒருவர் நேரே வீசுபவரின் மட்டையை நோக்கி ஓடுகிறார், உடம்பைக் கொடுத்து. கோல்கீப்பர் இரண்டடி முன்னே வந்து நின்றுவிடுகிறார். கால்கள் தோளளவு விரிந்து. எடை பாதத்தின் முன்பகுதியில். கைகள் திறந்து.

வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து ஏறக்குறைய பதினைந்து மீட்டர். நல்ல வீச்சு மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும்.

அரை வினாடி.

அதற்குள் முடிவெடுக்க முடியாது. பந்தைப் பார்த்துவிட்டு அசைந்தால் தாமதம். வீசுபவரின் தோளைப் பார்க்கிறார். மணிக்கட்டைப் பார்க்கிறார். முன்காலின் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார். அதற்கும் முன்னால், முந்தின இரவு பார்த்த வீடியோவில் இதே ஆள் இதே மாதிரி நின்றதைப் பார்த்திருக்கிறார்.

கை போகிறது. போன பிறகுதான் போனது தெரிகிறது.

*

2014. இன்சியான். ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. எதிரே பாகிஸ்தான். 1-1.

ஷூட் அவுட்.

23 மீட்டர் கோட்டில் பந்து. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வருகிறார். எட்டு வினாடி. வேறு யாரும் கிட்டே வரக்கூடாது.

எட்டு வினாடி நீளமானது. முதல் மூன்றில் எதுவும் நடப்பதில்லை. இருவரும் நெருங்குகிறார்கள். வருபவர் இடதுபக்கம் காட்டுகிறார். கோல்கீப்பர் நகரவில்லை. வலதுபக்கம் காட்டுகிறார். நகரவில்லை. முதலில் விழுபவர் தோற்கிறார்.

இரண்டு பேரை நிறுத்துகிறார். 4-2. 1998க்குப் பிறகு முதல் ஆசியத் தங்கம்.

விழாமல் நின்ற அந்த மூன்று வினாடியைத்தான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

*

எதுவும் எழுதாமல் சற்று நேரம்.

மின்விசிறி சுற்றுகிறது.

*

சங்கர் லட்சுமண். பழைய இந்திய கோல்கீப்பர். மோவ். ராணுவக்காரர், மராத்தா படைப்பிரிவு.

1956, 1960, 1964. மூன்று ஒலிம்பிக் இறுதிப் போட்டிகள். மூன்றிலும் எதிரே பாகிஸ்தான். மூன்றிலும் 1-0.

இரண்டு முறை இந்தியாவுக்கு. ஒரு முறை அவர்களுக்கு.

மூன்று இறுதிப் போட்டிகளில் அவர் வாங்கியது ஒரே ஒரு கோல். அந்த ஒன்றுக்கு வெள்ளி.

1956இல் மெல்போர்னில் தொடர் முழுக்க இந்தியா அடித்தது 38. வாங்கியது பூஜ்யம்.

பூஜ்யத்தை எப்படிப் பார்ப்பது? அடித்த கோலுக்கு நேரம் இருக்கிறது, அடித்தவர் பெயர் இருக்கிறது. போகாத கோலுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வெற்றுக் கட்டம்.

2006. மோவில் இறக்கிறார். கால் அழுகி. வறுமையில்.

அவர் இருந்தபோது எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுவது எளிது.

*

மானுவல் ஃப்ரெடரிக். கண்ணூர்.

1972. மியூனிக். வெண்கலம். கேரளத்திலிருந்து ஒலிம்பிக் பதக்கம் தொட்ட முதல் ஆள். அவரும் கோல்கீப்பர்.

அந்தக் காலத்தில் ஹெல்மெட் இல்லை. வெறும் முகம். வெறும் நெற்றி.

அடுத்த மலையாளி பதக்கத்தைத் தொட 49 வருடம் ஆகிறது. அவரும் கோல்கீப்பர்.

இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியே விட்டுவிடுகிறேன்.

*

2017. ஈப்போ. அஸ்லான் ஷா கோப்பை.

மோதல். ஸ்ரீஜேஷின் முழங்கால் திரும்புகிறது. உள்ளே ஒரு தசைநார் அறுகிறது.

மாதங்கள்.

படுக்கை. பிறகு ஊன்றுகோல். பிறகு காலை நீட்டி மடக்குவது. மடக்கி நீட்டுவது. எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிறார்கள். நேற்றைவிட இரண்டு பாகை கூட.

முழங்கால் என்று ஒன்று இருப்பதே அதுவரை தெரிந்திருக்காது.

*

25 ஜூலை 2021. டோக்கியோ ஒலிம்பிக். ஆஸ்திரேலியா 7, இந்தியா 1.

ஏழு முறை குனிந்து ஏழு முறை எடுத்து.

பதினோரு நாள் கழித்து, அதே மைதானத்தில், அதே ஆள், வெண்கலத்துக்காக நிற்கிறார்.

இடையில் என்ன செய்தார்? தூங்கியிருப்பார். சாப்பிட்டிருப்பார். பேட்டைக் காயவைத்திருப்பார். ஏழைத் தூக்கிக்கொண்டு எட்டாவதைத் தடுக்க முடியாது. எங்கேயோ இறக்கி வைத்திருக்கிறார். எங்கே என்பது அவருக்கு மட்டும்.

*

5 ஆகஸ்ட். எதிரே ஜெர்மனி.

அரங்கத்தில் ஆட்கள் இல்லை. நோய்த்தொற்றுக் காலம். நாற்காலிகள் வரிசை வரிசையாக.

1-3 என்று பின்னால். பிறகு 5-3 என்று முன்னால். பிறகு 5-4.

ஏழு வினாடிகூட மிச்சம் இல்லை. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர்.

எல்லாரும் போகிறார்கள். ஐவர் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவைத்துப் பார்க்கிறேன். ஹெல்மெட்டின் கம்பிகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. இரண்டு தோள்கள் தெரிகின்றன. அவை ஏறி இறங்குகின்றன என்று நினைக்கிறேன். நிறுத்திய படத்தில் எதுவும் ஏறி இறங்காது.

ஓடவிடுகிறேன்.

பந்து வருகிறது. தடுக்கப்படுகிறது. விலகிப் போகிறது.

அவ்வளவுதான். 41 வருடம் என்கிறார்கள். 1980இல் மாஸ்கோவில் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் வந்த தங்கத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு இதுதான் முதல் பதக்கம். 41 வருடம் ஒரு பக்கம், ஏழு வினாடிக்கும் குறைவான ஒன்று இன்னொரு பக்கம்.

தடுத்தவருக்கு அந்த நேரத்தில் இரண்டும் தெரிந்திருக்காது. பந்து தெரிந்திருக்கும்.

*

பிறகு அவர் கோல் மேல் ஏறி உட்காருகிறார்.

குறுக்குக் கம்பத்தில். பேட்டோடு. கால்கள் தொங்க.

வெற்றி பெற்றவர்கள் ஓடுவார்கள், விழுவார்கள், அழுவார்கள். இவர் வேலை செய்யும் இடத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் படம் எங்கும் போயிற்று. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதில் கோல் வெறுமையாக இருக்கிறது என்பதை மெதுவாகத்தான் கவனித்தேன். காவல் காப்பவர் மேலே. கீழே யாரும் இல்லை. இப்போது பந்து வந்தால் நேராக உள்ளே போய்விடும்.

வரவில்லை.

*

ஊரில் பதக்கம் அப்பாவின் கழுத்துக்குப் போகிறது.

அதற்கு மேல் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

*

கடைசி நிமிடங்களில் ஓர் அணி பின்தங்கியிருந்தால் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிடுகிறார்கள். அவருக்குப் பதிலாக இன்னொரு ஆட்டக்காரர். பதினொரு பேரும் முன்னால் போகிறார்கள்.

அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றலாம். கழற்றாமலும் இருக்கலாம்.

தன் இடம் காலியாக இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது.

*

கிருஷன் பகதூர் பாதக். அடுத்த கோல்கீப்பர்.

ஒலிம்பிக் அணியில் 16 பேர். கோல்கீப்பருக்கு அதில் ஒரே ஓர் இடம். 2024இல் பாதக் மாற்று ஆட்டக்காரராகப் பாரிஸ் ஒலிம்பிக் போகிறார். களத்தில் ஒரு நிமிடமும் இல்லை.

ஆனாலும் அதே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். அதே பயிற்சி. அதே வீடியோ. அதே தயார் நிலை.

காத்திருப்பவருக்குப் பின்னால் காத்திருப்பது. இதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. வெற்றுக் கட்டம்கூட.

என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் மிகக் கடினமான இடம் அதுதான்.

*

2024 ஜூலை. பாரிஸ்தான் கடைசி என்று ஸ்ரீஜேஷ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

சொன்ன பிறகு ஒவ்வொன்றும் கடைசியாகிறது. கடைசி பயிற்சி முகாம். பேட்டின் வார்களைக் கடைசியாக மாற்றுவது.

இல்லை. அப்படி எண்ணினால் நிற்க முடியாது. எண்ணாமல் இருந்திருப்பார்.

*

கொலொம்ப். பாரிஸின் ஓரம். ஈவ் து மனுவார் அரங்கம்.

1924 ஒலிம்பிக்கின் முக்கிய அரங்கம் அது. அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கியே கிடையாது, விட்டுவிட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் அதே ஆண்டு பாரிஸில் சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு பிறக்கிறது.

நூறு வருடம் கழித்து ஹாக்கி அங்கே ஆடப்படுகிறது.

*

4 ஆகஸ்ட். காலிறுதி. எதிரே பிரிட்டன்.

17ஆவது நிமிடம். அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர்.

ஒருவர் குறைந்தால் மைதானம் பெரிதாகிறது. இடைவெளிகள் திறக்கின்றன. இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒருவர் பார்க்கிறார். யாரும் பார்க்காதது கடைசியில் இவரிடம் வருகிறது.

வந்துகொண்டே இருக்கிறது.

1-1இல் முடிகிறது.

மறுபடி ஷூட் அவுட். மறுபடி எட்டு வினாடி. இந்தியாவின் நால்வரும் போடுகிறார்கள். பிரிட்டனின் முதல் இருவர் போடுகிறார்கள். மூன்றாமவர் மேலே அடித்துவிடுகிறார். நான்காமவர் ஃபில் ரோப்பர். அவரை ஸ்ரீஜேஷ் நிறுத்துகிறார்.

மூன்றாமவர் மேலே அடித்தாரா, அடிக்க வைக்கப்பட்டாரா? எதிரே நிற்கும் உடம்பு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்? ஏட்டில் அது தடுப்பு ஆகாது. வெறும் தவறு.

*

அரையிறுதி. ஜெர்மனி. 2-3.

இதற்குக் குறிப்பு இல்லை.

*

8 ஆகஸ்ட். ஸ்பெயின். 2-1 முன்னால்.

கடைசி நிமிடம். பெனால்டி கார்னர், எதிரணிக்கு. டோக்கியோவில் நடந்ததேதான். கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், ஆசிரியர் அடித்துவிடுவார்.

பந்து வருகிறது. தடுக்கிறார்.

பதக்கம். மறுபடி வெண்கலம். மறுபடி கம்பத்தின் மேல். நிறைவு விழாவில் மனு பாக்கரோடு கொடி.

336 ஆட்டங்கள். நான்கு ஒலிம்பிக். எண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பகுதி நேரம் பந்து மறுகோடியில் இருந்தது. அந்த நேரத்தை யாரும் கூட்டவில்லை.

*

ஒரு நாள் பேட்டைக் கழற்றி வைத்தால் உடம்பு என்ன செய்யும்?

தெருவில் ஏதாவது பறந்து வந்தால் கை போகுமா? கண் மூடக் கற்றுக்கொள்ளுமா மறுபடி?

*

31 அக்டோபர் 2025. பெங்களூரு. மானுவல் ஃப்ரெடரிக் காலமானார்.

செய்தியில் இரண்டு பத்தி. நெற்றித் தழும்புகள் பற்றி ஒரு வரி.

*

சென்னை. எழும்பூர். மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். அதே ஆண்டு, ஜூனியர் உலகக் கோப்பை.

ஸ்ரீஜேஷ் கோட்டுக்கு வெளியே இருக்கிறார். இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளர். பேட் இல்லை. ஹெல்மெட் இல்லை. முகம் முழுசாகத் தெரிகிறது. பல வருடம் கம்பிகளுக்குப் பின்னால் பார்த்த முகம்.

கைகள் வெறுமையாக இருக்கின்றன. மார்பில் கட்டிக்கொள்கிறார். அவிழ்க்கிறார்.

காலிறுதியில் பெல்ஜியம். ஷூட் அவுட். உள்ளே பிரின்ஸ்தீப் சிங். வெளியே இவர். எட்டு வினாடி இப்போது இன்னொருவருடையது.

பையன் விழாமல் நிற்கிறான்.

*

அரையிறுதியில் ஜெர்மனி. 1-5. ஜெர்மனி எப்போதும் வந்துவிடுகிறது.

10 டிசம்பர். அர்ஜென்டினா. 0-2 என்று இருந்தது கடைசிக் கால்பகுதியில் 4-2 ஆகிறது. வெண்கலம்.

*

பாரிஸுக்குப் பிறகு சீனியர் அணியில் 16 என்ற எண்ணை ஹாக்கி இந்தியா எடுத்துவிட்டது. இனி யாருக்கும் அது கிடையாது. ஜூனியர் அணியில் எடுக்கவில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.